மீட்புப் படகு

எஞ்சின் வைத்த படகு கால் மணியில் கொண்டுபோய் விடுகிற இடத்துக்குக் பாய்மரம் கட்டிக் காற்றைக் கெஞ்சிக்கொண்டு அரை நாள் போவதற்குப் பெயர் செயிலிங். அதைச் சொந்தச் செலவில் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிறார்கள். முதலில் வந்தவனுக்குக் கோப்பை கொடுத்துக் கை தட்டுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். அவரவர் பொழுதுபோக்கு அவரவருக்கு. எங்களுக்கு, உப்பளத்துக்காரர்களுக்கு, காற்று என்பது பாத்தியைக் காய வைக்கிற ஒரு சாமான். அதில் ஏறிச் சவாரி போகலாமென்று மரக்காணத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

செயிலிங் கிளப்பின் கொட்டகை என் உப்பளத்தை ஒட்டிய மேட்டில், கடலோடு சேர்கிற கழிவெளி ஏரியின் கரையில்தான் இருக்கிறது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கண் டாக்டர், ஒரு ஓட்டல்காரர், ஆரோவில்லிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நான்கைந்து வெள்ளைக்காரர்கள். இவர்களுக்கெல்லாம் தலைவர் குழந்தைசாமி. சென்னைத் துறைமுகத்தில் மேஜை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் அவருக்குக் கமோடோர் என்று பட்டம். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மூங்கில் பரண்மேல் ஏறி, பைனாகுலரில் கொக்கு பார்ப்பார். கேட்டால் போட்டியைக் கவனிக்கிறேன் என்பார்.

நான் அங்கே உறுப்பினன் அல்ல. மீட்புப் படகு என் பொறுப்பு. உப்பளத்து வேலைக்கென்று நான் வைத்திருந்த ஃபைபர் படகில்தான் அந்த வேலையைச் செய்தேன். எவன் படகாவது கவிழ்ந்தால் போய்த் தூக்குவது, போட்டியன்று காலையில் திருப்பத்துக்கான மிதவைகளைத் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்துவது. இந்த வேலைக்கு என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சுனாமியின்போது என் படம் பேப்பரில் வந்தது.

சுனாமி வந்த அன்று என் பாத்திக் கரைகளைப் பூச ஆட்கள் வந்திருந்தார்கள். முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் சுவர் மாதிரி உள்ளே வந்தது. நான் படகில் இருந்தேன். அவர்களில் பொன்னியைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்துப் போட்டேன். இன்னும் சிலரையும் தூக்கினேன். மூன்று மாதம் வரைக்கும் பொன்னி என்னை எங்கே பார்த்தாலும், நடுரோட்டிலும், காலைத் தொட்டுக் கும்பிடுவாள். “மொதலாளி குடுத்த உசுரு இது” என்று எல்லோரிடமும் சொல்வாள். சபையில் ஜெபத்தில்கூட என் பெயரைச் சொன்னார்களாம். நான் கோயிலுக்குப் போகிறவன், இருந்தாலும் வேண்டாமென்று சொல்லவில்லை.

பிறகு உப்புக் காலம் வந்தது. சித்திரை வெயிலில் ஒரு நாள் பொன்னி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “என்னா மொதலாளி, குடிக்கிற தண்ணி வண்டி இன்னும் வர்ல? நாங்கல்லாம் மனுசங்க இல்லியா?” என்று கேட்டாள். நான் பிடித்து இழுத்த அதே தலைமுடியை முடிந்துகொண்டே கேட்டாள். அவளைத் திட்டவில்லை. தண்ணீர் வண்டிக்கு ஆள் அனுப்பினேன். ஆனால் ஒரு விஷயம் அன்றைக்குப் புரிந்தது. மனிதர்களிடம் நன்றி என்பது மழையில் வைத்த உப்பு. தார்ப்பாய் போட்டு மூடினாலும் அடியிலிருந்து கரைந்துவிடும்.

என் மனைவி ஜெயா அந்தப் பேப்பர் படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். தீபாவளிக்கு வெள்ளையடிக்கக் கழற்றினாள். திரும்ப மாட்டவில்லை. கேட்டால், “ஆணி லூசா இருக்குதுங்க” என்றாள். பரண்மேல் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆணி அடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அவளுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

சுனாமி வந்ததால் அந்த வருஷம் கிளப்பில் போட்டி நடக்கவில்லை. மழை முடிந்து மார்கழியில்தான் படகுகளை வெளியே எடுத்து ஒத்திகை பார்த்தார்கள். பொங்கல் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துப் பருவத்தின் முதல் போட்டி என்று முடிவானது.

ஒத்திகையில் கண் டாக்டரின் படகு கவிழ்ந்தது. அது தானாக நடந்தது. அந்தப் படகுகளின் பின்பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அடித்தட்டுக்குள் கசிந்து சேர்கிற தண்ணீரைக் கரையேற்றியதும் வடிப்பதற்காக. அதற்கு ஒரு திருகு மூடி. டாக்டர் மூடியைச் சரியாகத் திருகவில்லை. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் படகு மிதக்க மறந்துவிடும். கவிழ்ந்தால் நிமிராது. டாக்டர் கண்ணாடியில்லாமல், வாயில் சேற்றுத் தண்ணீரோடு, “பலராமன், பலராமன்” என்று கத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘போட்காரரே’ என்பார். தூக்கிப் போட்டதும் என் கையை விடவே இல்லை. கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தைசாமி தொப்பியைக் கழற்றினார்.

அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன். சுனாமிக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை.

அடுத்த ஒத்திகையில் ஓட்டல்காரரின் மூடியை நான் தளர்த்தினேன். இதை மறைப்பதற்கில்லை. இடுப்பளவு தண்ணீர் உள்ள இடத்தில்தான் கவிழ்ந்தார். இறங்கி நடந்தே வந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியவில்லை. அத்தனை பெரிய உடம்பு, குழந்தை மாதிரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஒருவனுக்கு உயிர் போகாது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் அவன் உங்களை எப்படிப் பார்க்கிறான் தெரியுமா? கோயிலில்கூட அப்படிப் பார்க்க மாட்டான். யாருக்கும் நஷ்டமில்லை. மறுநாள் அவர் என் வீட்டுக்கே ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார்.

இப்போது சரத்குமாரைப் பற்றி. அவன் அப்பா அர்ச்சுனன் எனக்கு வேண்டியவர், அதனால் பையன் என்னை மாமா என்று கூப்பிடுவான். வானூரில் ஆபீஸ் வேலை. சுனாமியில் அண்ணனைப் பறிகொடுத்தவன். அதற்குப் பிறகு தண்ணீரைக் கண்டாலே பயமாம், கிணற்றை எட்டிப் பார்க்க முடியாதாம். அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ளக் கிளப்பில் சேர்ந்தான். பயம் இருக்கிறவன் கரையில் இருந்தால் போதாதா? ஆவணியில் கல்யாணம் ஆனதும் மனைவியையும் கூட்டி வந்தான். தமிழ்நிலா, இரும்பையில் விவசாயக் குடும்பத்துப் பெண். ஏரிக்கரைக்கு மேல் தண்ணீர் பார்த்தறியாதவள். முன்பக்கத்துச் சின்னப் பாயின் கயிற்றைப் பிடிப்பது அவள் வேலை. காற்று அடித்தால் இருவரும் சேர்ந்து படகுக்கு வெளியே சாய்ந்து சிரிப்பார்கள். தண்ணீரில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதில்லை.

போட்டிக்கு முந்திய நாள் மாலை, நான் ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரம் பக்கத்தில் மிதவைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். சரத்குமார் வந்து கூட உட்கார்ந்தான்.

“மாமா, ஒண்ணு சொல்லணும். ஓட்டல்காரர் போட் முங்குச்சு இல்ல, அதோட மூடிய நான்தான் திருகினேன். நல்லா இறுக்கிட்டுதான் வந்தேன். தானா கழண்டிருக்காது.”

“யாராவது கழட்டினாங்கன்றியா?”

“தெரியல மாமா. யார் மேலயும் பழி போடல. நாளைக்கு ரேஸ் முடிஞ்சதும் கமோடோர் கிட்ட சொல்லி ஒரு ரூல் போடச் சொல்லப்போறேன். தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூடியையும் ரெண்டு பேர் பாக்கணும். கரெக்டா பாத்துட்டா ஒரு போட்டும் முங்காது.” பிறகு என் தோளை லேசாக இடித்துச் சிரித்தான். “அப்புறம் உங்களுக்கு வேலையே இருக்காது மாமா. ஜாலியா உக்காந்து வேடிக்க பாக்கலாம்.”

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சந்தேகப்பட்டிருந்தால் அவனோடு பேசித் தீர்த்திருப்பேன், நான் நியாயம் தெரிந்தவன். அவன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்தான். என்னைக் கரையில் உட்கார்த்தி வைப்பது நல்லது என்று நினைத்தான். ஒரு மனிதனின் ஒரே பெருமையைக் கழற்றி எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, தோளில் இடித்துச் சிரிக்கிறார்கள்.

விசாரணைக்கு வந்தபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். முன்பெல்லாம் பரணிலிருந்து தெரியும்படி நிறுத்திவந்த கடைசி மிதவையை, இந்த வருஷம் ஏன் சவுக்குத் தோப்புக்கு அப்பால், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள் என்று. அங்கே ஆழம் இருக்கிறது, மற்ற இடங்களில் தரை தட்டும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அங்கே ஆழம் இருந்தது. பரணிலிருந்து பார்வையும் எட்டாது.

காலையில் கொடியேற்றினார்கள். குழந்தைசாமி கடலின் மகத்துவம் பற்றிப் பேசினார். கழிவெளியைத் தாண்டிக் கடலுக்குள் ஒரு நாளும் போகாதவர். ஓட்டல்காரர் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். என் உப்பளத்து ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பொன்னி கேசரியை இரண்டு தடவை வாங்கினாள்.

சரத்குமார் தன் படகின் மூடியைத் திருகி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். “மாமா, ரூலை நம்மகிட்டயே ஸ்டார்ட் பண்ணிடலாம். நீங்க ஒரு தடவ பாத்துடுங்க.”

குனிந்து பார்த்தேன். மூடியைக் கழற்றினேன். அதன் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், தண்ணீரைத் தடுப்பது அதுதான். கட்டைவிரல் நகத்தால் நெம்பி அதை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, மூடியைத் திரும்பத் திருகினேன். எத்தனையோ பேர் சுற்றி நின்றார்கள், நல்ல வெயில். அவன் தொட்டுப் பார்த்துவிட்டு, “டைட்டா இருக்குது” என்று தமிழ்நிலாவிடம் சொன்னான். அவள் என்னைப் பார்த்து, “நீங்க பக்கத்துலயே இருப்பீங்க இல்ல மாமா?” என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். இருந்தேன்.

விசில் ஊதினார்கள். வாடைக்காற்று நன்றாக இருந்தது. பாய்கள் போவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். சரத்குமார் முதல் திருப்பத்தில் முன்னால் போனான். அடுத்த திருப்பத்துக்குள் அவன் படகு பின்பக்கம் கனத்துப் பின்தங்கிவிட்டது. மற்றவர்கள் கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பி, தோப்பைத் தாண்டிப் போன பிறகுதான் இவர்கள் அங்கே வந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி எஞ்சினை மெதுவாக ஓட விட்டிருந்தேன். கழித் தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது ஒரு வீச்சுக் காற்று. படகு சாய்ந்தது, பாய் தண்ணீரில் படுத்தது, பிறகு அவசரமில்லாமல் முழுதாகக் குப்புறத் திரும்பியது.

ஒரு தலைதான் மேலே வந்தது. தமிழ்நிலா.

“மாமா, அவரு உள்ள மாட்டிக்கினாரு. கால்ல கயிறு சுத்திக்கிச்சி மாமா. சீக்கிரம் வாங்க மாமா.”

போனேன். அவளைத் தூக்கிப் படகில் போட்டேன். அவள் திரும்பக் குதிக்கப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். “இரும்மா, எஞ்சின் ஓடிட்டு இருக்குது, கை காலை வெட்டிடும்” என்றேன். அது சரியான காரணம். எஞ்சினை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினேன், பிறகு. நிறுத்தியதும்தான் சத்தம் கேட்டது.

கவிழ்ந்த படகுக்கு அடியில் கொஞ்சம் காற்று நிற்கும். தலையை அதில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து தட்டினான். பதறித் தட்டவில்லை. தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, இடைவெளி விட்டு, திறப்பார்கள் என்ற நம்பிக்கையோடு தட்டினான். நான் பக்கத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும் அல்லவா. எஞ்சின் சத்தம் கேட்டிருக்கும்.

தமிழ்நிலா என் கையைக் கடித்தாள். தழும்பு இதோ இருக்கிறது. நான் விடவில்லை. “கத்தி வச்சிருக்கீங்களே மாமா” என்றாள். இடுப்பில் கத்தி இருந்தது. கயிறு அறுக்கத்தான் கிளப்பில் கொடுத்தது. அவள் அதைப் பிடுங்க முயன்றாள், முடியவில்லை. மூடி வழியாக அடித்தட்டில் நீர் ஏற ஏறப் படகு தாழும், உள்ளே இருக்கிற காற்று குறையும். தட்டுகிற இடைவெளி நீண்டது. பிறகு ஒரு முறை தட்டினான். அதன் பிறகு தட்டவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு குதித்தேன். ஒரே மூச்சு. அடியில் கலங்கல், கண் தெரியாது. கையால் தடவிக் காலைக் கண்டுபிடித்து, ஒரே வெட்டில் கயிற்றை அறுத்து, அவனை வெளியே கொண்டுவந்தேன். என் வயதில் அந்த இழுப்பில் வேறு எவனும் அதைச் செய்ய முடியாது. படகை முழு வேகத்தில் விட்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டே தோப்பைச் சுற்றி வந்தேன். கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் விடவில்லை. சுற்றி எல்லோரும் நின்றார்கள். பொன்னி ஒப்பாரி வைத்தாள். கண் டாக்டர் என் முதுகைத் தொட்டு, “போதும் பலராமன், போதும்” என்றார். அழுதுகொண்டிருந்தார். அர்ச்சுனன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மகனையும் தண்ணீரில் கொடுத்தவர், என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதோடு முடிந்திருக்கும். இப்படி நானாக ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நீங்கள் கொட்டகைக் காவல்காரன் சவரிமுத்துவைப் பிடித்து வைத்தீர்கள். மூடியில் வளையம் இல்லை, படகுகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவன், ஆகவே அவன் குற்றம். அவனுக்காக நான் வரவில்லை. அவன் பெண்டாட்டி சகாயமேரி என் வாசலில் வந்து அழுதாள், நான் உள்ளேதான் இருந்தேன். ஆனால் அந்த ஆளுக்குத் தன் லுங்கி முடிச்சே நிற்காது. இதைச் செய்யத் தெரிந்தவன் அவன் என்று எழுதிக்கொள்கிறீர்களே, அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நான் வந்தது குழந்தைசாமியால். நேற்று கூட்டம் போட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மீட்புப் படகுல இருந்தவருக்குப் போதுமான பயிற்சி இல்ல. வயசும் ஆயிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே போயிருந்தா பையனைக் காப்பாத்தியிருக்கலாம். அவரால முடியல. அவர்மேல தப்பில்ல, இனிமே அவரு ரெஸ்ட் எடுக்கட்டும்” என்றார். ஓட்டல்காரர் தலையாட்டினார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய ஓட்டல்காரர். கண் டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கூட்டம் கலைந்ததும் பொன்னி வாசலில் நின்று, “வுடுங்க மொதலாளி, வயசாயிட்டா யாருக்கும் கை நடுங்கும்” என்றாள்.

அதைத்தான் திருத்த வந்திருக்கிறேன். முடியவில்லை என்று யாரும் எழுதக் கூடாது. என் கை நடுங்கவில்லை. கத்தி கூர்மையாக இருந்தது, மூச்சு இருந்தது, அவன் காலில் கயிறு எங்கே சுற்றியிருந்தது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். முதல் தட்டுக் கேட்டபோதே இறங்கியிருந்தால், ஈரத் தலையோடு இருமிக்கொண்டு என் படகில் உட்கார்ந்திருப்பான். அவனை நான் கொன்றேன், இன்ஸ்பெக்டர் சார். காப்பாற்ற முடியாதவன் என்று பெயர் எடுப்பதற்கு அது எவ்வளவோ மேல். வளையம் என் வீட்டு மாட்டுக் கொட்டகையில், அரிவாள் செருகுகிற இடத்தில் இருக்கிறது. ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் படகில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தியை நான் உயிரோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். திரும்பக் குதிக்கப் போனவளைப் பிடித்து நிறுத்தியது யார்? விட்டிருந்தால் இழுப்பில் கடலுக்குப் போயிருப்பாள். காரியத்துக்கு மறுநாள் இரும்பைக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா வீட்டில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேசுவதில்லையாம், சாப்பிடுவதுமில்லையாம். எதிரில் பாயைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்சம் தேறியதும் சொல்வாள் என்று பொறுமையாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் பாருங்கள், இன்றுவரை அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு நன்றி வரவில்லை.